சேவையகமும் அதன் மடையும்

வன்னிநாட்டு ஊர்ப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை தானே புலப்படும். வவுனியாவிலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் வீதியிலே நெளுக்குளம், பூவரசங்குளம் என ஊர்கள் தொடர்கின்றன. ஊருக்கும் குளத்துக்கும் ஒரே பெயர். மாரியிற் பெய்த நீரைத் தேக்கி, துருசு வழியே அளந்து திறந்து, வாய்க்கால் வழியே வயல்தோறும் பங்கிட்டு வாழ்ந்தோர் நம் முன்னோர். குளத்தில் நீர் உண்டா என்பது ஒரு வினா. உள்ள நீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேர்கின்றதா என்பது வேறொரு வினா. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோன் கமத்தொழில் அறியாதவன் என்பது இங்குள்ள சிறுவர்க்கும் தெரியும்.

இக்கட்டுரையின் பொருள் குளமன்று, கணினி வலையமைப்பு. சேவையகம் ஒன்றிலிருந்து செல்லும் தரவின் வேகத்துக்கு எல்லை இடுவது எவ்வாறு, இட்ட எல்லை பயன் தராதவிடத்துப் பழுதைக் கண்டறிவது எவ்வாறு என்பனவே ஈண்டு விளக்கப்படும். தமிழாசிரியன் ஒருவன் இதனை எழுதப் புகுவது ஏன் என வினவுவார் இருக்கலாம். இன்று இலக்கியப் பாடமும் கணினி வழியே மாணாக்கரைச் சென்றடைகின்றது. ஒரு பிள்ளையின் திரையிலே பாடம் ஓட, அயலிருக்கும் பிள்ளையின் திரையிலே வெறுஞ் சக்கரம் சுழலுமாயின், அது பொறியியலாளரின் கவலை மட்டுமன்று, வகுப்பாசிரியரின் கவலையுமாகும்.

பட்டையகலம் என்பது யாது?

வலையமைப்பிலே தரவு பொதி பொதியாகப் பகுக்கப்பட்டுச் செல்கின்றது. ஒரு செக்கனில் ஓர் இணைப்பினூடு எத்தனை பிற்றுகள் செல்ல இயலுமோ அவ்வளவே அவ்விணைப்பின் பட்டையகலம். எட்டுப் பிற்றுகள் சேர்ந்தது ஒரு பைற்று. இணைப்பின் வேகத்தைப் பிற்றுக் கணக்கிற் சொல்வர். கோப்பின் அளவைப் பைற்றுக் கணக்கிற் சொல்வர். இந்த எட்டு மடங்கு வேறுபாட்டை மறந்தவர் படும் இடர் சிறிதன்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

பட்டையகலம் வேறு, தாமதம் வேறு. வாய்க்காலின் அகலம் பெரிதாயிருந்தும் வயல் தொலைவிலிருந்தால் முதல் நீர் வந்துசேர நேரஞ் செல்லும். அவ்வாறே பட்டையகலம் மிக்க இணைப்பிலும் பொதியொன்று சென்று மறுமொழி திரும்பும் நேரம் நீண்டிருத்தல் கூடும். மெதுவாயிருக்கின்றது என்று முறையிடுவோர் பெரும்பாலும் இவ்விரண்டில் எதனைச் சொல்கின்றனர் என்பதைத் தாமே அறியார். முறைப்பாட்டைக் கேட்பவர் அதனைப் பிரித்தறிதல் வேண்டும்.

எல்லை இடுவது எதற்காக?

ஒரு பாடசாலையின் கணினிக்கூடத்தை மனத்திற் கொள்வோம். நாற்பது மாணாக்கர். வெளியிலிருந்து உள்வரும் இணைப்பு செக்கனுக்கு 10 மெகாபிற்று. உள்ளிருந்து வெளிச்செல்வது 4 மெகாபிற்று. முந்நூறு மெகாபைற்று அளவுள்ள பாடக் காணொளி ஒன்றைத் தனி ஒருவர் இறக்கினால் நான்கு நிமிடத்தில் முடியும். நாற்பதின்மரும் ஒருங்கே இறக்கத் தொடங்கின் ஒருவர்க்குக் கிடைப்பது 250 கிலோபிற்று. காணொளி வந்துசேர இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆகும். பாடவேளையோ நாற்பது நிமிடம்.

இவ்விடத்தேதான் சேவையகம் குளமாகின்றது. அக்காணொளியை ஒருமுறை இறக்கிக் கூடத்திலுள்ள சேவையகத்திலே தேக்கி வைத்தால், நாற்பதின்மரும் கூடத்தின் உள்வலையமைப்பு வழியே அதனைப் பெறலாம், வெளியிணைப்புக்குச் சுமையில்லை. பின்னர், வீட்டிலிருக்கும் மாணாக்கரும் அதே சேவையகத்திலிருந்து பாடம் பெற விரும்புவர். அவர்க்குச் செல்லும் தரவு முழுதும் அந்த 4 மெகாபிற்று வாயிலூடாகவே வெளியேற வேண்டும். இருவர் மூவர் பெரிய கோப்புகளை இறக்கினால் வாயில் நிறைந்துவிடும். அவ்வேளை அதே இணைப்பில் நேரலை வகுப்பு நடத்தும் ஆசிரியரின் குரல் துண்டு துண்டாகும். ஆகவே கோப்பு இறக்கத்துக்கு ஓர் எல்லை இடப்படுகின்றது. எல்லையின் நோக்கம் மறுத்தல் அன்று, பங்கிடுதல்.

இது கற்பனைக் கவலையன்று என்பதைக் கொரோனாப் பெருந்தொற்று நாடெங்கும் உணர்த்திற்று. 2020 மார்ச்சில் இலங்கையின் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது கல்வி இணையவழிக்குப் பெயர்ந்தது. பல்கலைக்கழகங்களை இணைக்கும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பாகிய 'லேர்ன்' வழியே இணையவழி வகுப்புகள் நடைபெற்றன. பல்கலைக்கழகச் சேவையகங்களை அணுகும் மாணவர்க்குத் தரவுக்கட்டணம் இல்லாதிருக்கவும் ஏற்பாடாயிற்று. பம்பைமடுவில் அமைந்து, அன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாயிருந்து, 2021 ஆகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமான நிறுவனமும் இவ்வலையமைப்பினாற் பயன்பெறுவதே. கட்டணம் என்னும் தடை நீங்கியபோதும், அலைக்கோபுரத்தின் கொள்ளளவு, வீட்டு இணைப்பின் அகலம், சேவையகத்தின் வாயில் என்பன இருந்தவாறே இருந்தன. பாடசாலைப் பிள்ளைகளின் நிலை இதனினும் கடிது. அலை கிடைக்கும் மேட்டைத் தேடி மலைக்கிராமப் பிள்ளைகள் பாறைமேல் ஏறியிருந்து படித்த செய்திகள் 2021 இல் ஊவாவிலிருந்து வந்தன. இத்தகைய காலத்திலே ஒரு மெகாபிற்றை வீணாக்குவது பிறர் வயலுக்குரிய நீரை வெட்டிவிடுவதை ஒக்கும்.

வரலாறு தரும் பாடம்

எல்லையும் நெரிசலும் பற்றிய அறிவுக்கு அடிகோலிய நிகழ்ச்சி 1986 ஒக்டோபரில் அமெரிக்காவிலே நிகழ்ந்தது. லோறன்ஸ் பேர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்துக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 400 யார். அவற்றிடையே செக்கனுக்கு 32,000 பிற்று வேகத்தில் ஓடிய தரவு திடீரென 40 பிற்று அளவுக்கு வீழ்ந்தது. கம்பி அறவில்லை, கருவி கெடவில்லை, ஆயினும் வேகம் எண்ணூறில் ஒரு பங்காயிற்று.

வான் ஜேக்கப்சன் என்னும் அறிஞர் இதன் காரணத்தை ஆராய்ந்தார். நெரிசலிற் பொதிகள் தாமதித்தபோது, அவை தொலைந்தன எனக் கருதிய கணினிகள் அவற்றையே மீண்டும் மீண்டும் அனுப்பின. பழைய பொதியும் புதிய படியும் ஒரே வாயிலில் முண்டியடித்தமையால் நெரிசல் மேலும் பெருகிற்று. மெல்லத் தொடங்குதல், நெரிசல் கண்டவிடத்து வேகத்தைக் குறைத்தல் என்னும் முறைகளை ஜேக்கப்சனும் மைக்கேல் கரல்ஸ் என்பவரும் வகுக்க, அவை பற்றிய கட்டுரை 1988 இல் வெளிவந்தது. இன்றும் இணையத்தின் பெரும்பகுதி தன்னைத் தானே அடக்கி ஓடுவது இவ்வழிமுறைகளின் மரபிலேயே.

இந்நிகழ்ச்சி புகட்டும் பாடம் ஒன்று. நோய் தோன்றிய இடம் வேறு, நோயின் முதல் வேறு. மருந்து என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் வைத்தியனுக்குச் சொன்ன ஒழுங்கும் இதுவே. கம்பியை மாற்றியிருப்பின் பயனில்லை. அகலமான இணைப்பு வாங்கியிருப்பினும் சில நாளில் அதுவும் அடைபட்டிருக்கும்.

டோக்கன் வாளி

சேவையகங்கள் பல லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ஓடுகின்றன. அதில் வேக எல்லை இடுவதற்கு 'ரீ.சி.' என்னும் ஈரெழுத்துக் கட்டளை உண்டு. அதன் உள்ளே இயங்கும் முறைகளுள் முதன்மையானது டோக்கன் வாளி. ஒரு வாளியிலே குறித்த வேகத்தில் டோக்கன்கள் விழுந்துகொண்டிருக்கும். ஒரு பொதி வெளியேற வேண்டுமாயின் தன் அளவுக்கேற்ற டோக்கன்களைச் செலுத்த வேண்டும். வாளி வெறுமையாயின் பொதி வரிசையிற் காத்து நிற்கும். வரிசையும் நிறைந்தால் பொதி கைவிடப்படும். சிறிது நேரம் ஒருவரும் கேளாதிருப்பின் வாளி நிறைந்திருக்கும். அப்போது வருபவர் கணநேரம் எல்லைக்கு மேலான வேகத்திலும் பெறுவர். இவ்வாளிக் கருத்தின் தோழியாகிய ஒழுகும் வாளி முறையை ஜொனாதன் டேர்னர் 1986 இல் எடுத்துரைத்தார்.

இதனினும் விரிந்தது படிநிலை டோக்கன் வாளி. செக் நாட்டவராகிய மார்ட்டின் டெவேரா இயற்றிய இம்முறை 'எச்.ரீ.பி.' என வழங்கும். இதிலே பெருவாய்க்காலும் கிளைவாய்க்கால்களும் போலத் தரவை வகுப்புகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு எண்கள் உண்டு: ஒன்று உறுதிப்பங்கு, மற்றையது உச்சவரம்பு. உறுதிப்பங்கு எந்நெரிசலிலும் கிடைப்பது. பிற வகுப்புகள் தம் பங்கைப் பயன்படுத்தாதபோது உச்சவரம்பு வரை கடன் பெறலாம். இவ்விரு எண்களின் வேறுபாட்டை அறிந்தவரே பங்கீடு அறிந்தவர்.

பழுதறியும் ஒழுங்கு

இனி, எல்லை இட்டும் முறைப்பாடு தீராதவிடத்து என்ன செய்வது? எல்லை பிடிக்கவில்லை என்று ஒருவர் சொல்வார். எல்லை மிகையாய்ப் பிடிக்கின்றது என்று மற்றொருவர் சொல்வார். இருவர்க்கும் மருந்து ஒன்றன்று. கீழ்வரும் ஒழுங்கிற் சோதிப்பின் வீணுழைப்பு நீங்கும்.

முதலாவது, கம்பியை நோக்குதல். மென்பொருளிற் குறை தேடுமுன் கண்ணுக்குத் தெரிவதைக் காண்க. செக்கனுக்கு ஒரு கிகாபிற்று வேகத்துக்கு வலைக்கம்பியின் நான்கு சோடி இழைகளும் வேண்டும். 100 மெகாபிற்றுக்கு இரண்டு சோடி போதும். ஆதலால் ஓரிழை அறுந்த கம்பி முற்றாக நின்றுவிடாமல், பத்திலொரு பங்கு வேகத்தில் நல்லதுபோல் ஓடிக்கொண்டிருக்கும். எலி கடித்த கம்பிக்காகச் சேவையகத்தின் கட்டளைகளை மாற்றிக்கொண்டிருப்பது நகைப்புக்குரியது.

இரண்டாவது, அளத்தல். ஒருவர் சொல்லைக் கொண்டு மாற்றம் செய்யற்க. ஐபெர்ப் என்னும் அளவு மென்பொருள் இரு கணினிகளுக்கிடையே உண்மையில் எத்தனை பிற்று ஓடுகின்றது என்று காட்டும். சேவையகத்திலிருந்து அதே கூடத்துக் கணினிக்கு ஒருமுறை, வெளியிலுள்ள கணினிக்கு ஒருமுறை என இரு அளவும் எடுத்தால், குறை உள்ளேயா வெளியேயா என்பது பெரும்பாலும் தெளியும். இவ்வளவுகளை எல்லை இட்ட நிலையிலும் எல்லை நீக்கிய நிலையிலும் எடுத்துக் குறித்து வைத்தல் வேண்டும். அளவில்லாத முறைப்பாடு சாட்சியில்லாத வழக்கு.

மூன்றாவது, அலகு. முன்னர்ச் சொன்ன எட்டு மடங்கு வேறுபாடு இங்கே தலைகாட்டும். உலகவழக்கிலே 'கே.பி.பி.எஸ்.' என்பது செக்கனுக்குக் கிலோபிற்று. ரீ.சி. கட்டளையிலோ அவ்வெழுத்துகள் செக்கனுக்குக் கிலோபைற்று எனப் பொருள்படும். கிலோபிற்றுக் குறிக்க 'கேபிற்' என்றே எழுத வேண்டும். 500 கிலோபிற்று எல்லை இடக் கருதி முந்திய எழுத்துகளை இட்டவர்க்கு, 4,000 கிலோபிற்று எல்லை அமைந்துவிடும். வாயிலின் முழு அகலமே 4 மெகாபிற்றாயின் அந்த எல்லை இருந்தும் இல்லாததே. கணினி பிழை காட்டாது. இட்ட கட்டளையை இட்டவாறே செய்யும்.

நான்காவது, திசை. சேவையகம் தான் வெளியே அனுப்பும் பொதிகளையே வரிசையில் நிறுத்தி அளந்து விட வல்லது. உள்ளே வந்துவிட்ட பொதியைக் காத்திருக்கச் செய்வதிற் பயன் குறைவு. அது ஏற்கெனவே இணைப்பைக் கடந்து வந்துவிட்டது. மிகையாய் வருவதைக் கைவிடுதலும், அதனால் அனுப்புவோன் தானே வேகத்தைக் குறைப்பான் என எதிர்பார்த்தலுமே எளிய வழி. வருவதையும் வரிசைப்படுத்த விரும்பின், 'ஐ.எப்.பி.' என்னும் போலிக் கருவி ஒன்றினூடு அதனைத் திருப்பிவிட்டு அங்கே எல்லை இடுவர். மாணாக்கர் பாடம் பெறுவது சேவையகத்திலிருந்து வெளிச்செல்லும் ஓட்டம். அவர்கள் விடைத்தாளை ஏற்றுவது உள்வரும் ஓட்டம். எந்த ஓட்டத்துக்கு எல்லை வேண்டும் என்பதை முதலில் துணிக.

ஐந்தாவது, வகுப்பு. எச்.ரீ.பி. முறையில் எந்தப் பொதி எந்த வகுப்பைச் சேரும் என்பதை வடிகட்டிகள் தீர்மானிக்கும். எந்த வடிகட்டியிலும் அகப்படாத பொதிகளுக்கு இயல்பு வகுப்பு ஒன்றைக் குறிக்காதுவிட்டால், அவை எல்லையின் அருகே செல்லாது கருவியின் முழுவேகத்தில் வெளியேறும். இது குளக்கட்டில் நண்டுவளை இருப்பதை ஒக்கும்: துருசை எவ்வளவு அடைத்தும் நீர் போய்க்கொண்டேயிருக்கும். இணைய முகவரியின் நான்காம் பதிப்புக்கு மட்டும் வடிகட்டி எழுதி, ஆறாம் பதிப்பை மறப்பதால் இவ்வளை பெரும்பாலும் உண்டாகின்றது. இதன் மறுதலையும் உண்டு. எல்லையை வலைக்கருவி முழுமைக்கும் இட்டுவிட்டால், வெளியே செல்லும் ஓட்டத்தோடு கூடத்தினுள்ளே இருக்கும் பிள்ளைகளுக்குச் செல்லும் ஓட்டமும் அதே சிறிய எல்லைக்குள் அகப்படும். அருகிலிருக்கும் பிள்ளை தொலைவிலிருப்பவனைப் போலக் காத்திருப்பான். உள்வலையமைப்புக்குத் தனி வகுப்பு வேண்டும்.

இதனைக் காண வழி எளிது. ரீ.சி. கட்டளையுடன் இடைக்கோடும் 'எஸ்' என்னும் எழுத்தும் சேர்த்துப் புள்ளிவிவரம் கேட்டால், ஒவ்வொரு வகுப்பினூடும் எத்தனை பைற்று சென்றது, எத்தனை பொதி கைவிடப்பட்டது, எத்தனை வரிசையில் நிற்கின்றன என்பன தோன்றும். கோப்பு இறக்கம் நடைபெறும்போது அதற்குரிய வகுப்பின் எண் அசையாதிருப்பின், தரவு வேறு வழியிற் போகின்றது என்பது ஐயமற விளங்கும்.

ஆறாவது, வாளியின் கொள்ளளவு. வாளி மிகச் சிறிதாயின் இட்ட வேகமும் கிடைக்காது. கணக்கைக் காண்க: செக்கனுக்கு 10 மெகாபிற்று எல்லை, கணினியின் கடிகாரம் செக்கனுக்கு நூறு முறை அடிக்கின்றது என்க. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 1,00,000 பிற்று, அஃதாவது 12,500 பைற்று செல்ல வேண்டும். வாளி 5,000 பைற்றே கொள்ளுமாயின் எஞ்சிய டோக்கன் வழிந்து வீணாகும். எல்லை 10 என்றிருக்க ஓட்டம் 4 ஆகும். இன்றைய கணினிகளின் கடிகாரங்கள் நுண்ணியவை ஆதலால் இவ்விடர் குறைந்துளது. ஆயினும் பொதிகளைப் பெருங்கட்டாகக் கட்டிக் கருவிக்குக் கொடுக்கும் வசதி வந்தமையால், அக்கட்டு நுழைய இயலாத சிறு வாளி இன்றும் தொல்லை தரும். வாளி மிகப் பெரிதாயினோ ஒவ்வொரு தொடக்கத்திலும் வெள்ளம் பாய்ந்து, எல்லை இட்ட பயன் கெடும்.

ஏழாவது, தனியோட்டத்தின் இயல்பான வரம்பு. அனுப்புவோன் மறுமொழி வருமுன் எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அது 64 கிலோபைற்று என்றும், சென்று திரும்பும் நேரம் செக்கனில் ஐந்திலொரு பங்கு என்றும் கொள்வோம். கணக்கிட்டால் ஏறத்தாழ 2.6 மெகாபிற்றுக்கு மேல் அவ்வோட்டம் செல்லாது. இணைப்பு நூறு மெகாபிற்றாயினும் அதுவே முடிபு. இன்றைய கணினிகள் இவ்வளவைத் தாமே பெருக்கிக்கொள்ளும். பழைய கருவிகளிற் குறை தோன்றின் இதனையும் நினைக. ஓர் ஓட்டம் மெதுவாயும், நான்கு ஓட்டம் ஒருங்கே விட்டபோது மொத்தம் பெருகியும் காணப்பட்டால் காரணம் இதுவாதல் கூடும். சேவையகத்தின் எல்லையைப் பழிக்கற்க.

எட்டாவது, மறுதொடக்கம். ரீ.சி. கட்டளையால் இட்ட எல்லை கணினியின் நினைவிலே மட்டும் இருப்பது. மின்சாரம் நின்று கணினி மீண்டும் எழும்போது, தொடக்கத்திற் தானே இயங்குமாறு எழுதி வைத்தாலன்றி, எல்லை மறைந்துவிடும். 2022 ஆம் ஆண்டின் மின்வெட்டுகளை நினைப்போர்க்கு இது விளக்கமின்றியே விளங்கும். நேற்றுவரை ஒழுங்காயிருந்தது இன்று கட்டின்றி ஓடுமாயின், சேவையகம் எப்போது கடைசியாக எழுந்தது என்று முதலிற் பார்க்க.

இறுக்கமான வாயில் எது?

மேற்கூறிய எட்டையும் விடப் பெரிது ஒன்று உண்டு. எல்லை இடுமிடமே பாதையின் இறுக்கமான வாயிலாயிருத்தல் வேண்டும். சேவையகத்தில் 20 மெகாபிற்று எல்லை இட்டு, வெளிவாயில் 4 மெகாபிற்றேயானால், பொதிகள் சேவையகத்தில் நில்லாமல் ஓடிச்சென்று வழிப்படுத்தியாகிய றவுட்டரின் வாசலில் நெரியும். அங்கே வரிசையை ஒழுங்கு செய்வார் இல்லை. ஆசிரியரின் குரற்பொதியும் கோப்பின் பொதியும் ஒரே வரிசையில் நிற்கும்.

றவுட்டரின் உள்ளே 256 கிலோபைற்றுக் காத்திருப்பிடம் இருக்கின்றது என்றும், வெளிவாயில் ஒரு மெகாபிற்று என்றும் கொள்வோம். அவ்விடம் நிறைந்தால், புதிதாய் வந்த பொதி வெளியேற இரண்டு செக்கனுக்கு மேலாகும். கோப்பு இறக்குவோர்க்கு இது தெரியாது. பேசுவோர்க்கு உரையாடலே அறும். காத்திருப்பிடம் பெருத்தலால் வரும் இந்நோயை ஜிம் கெட்டிஸ் என்பவர் 2010-11 அளவில் உலகறியச் செய்தார். வரிசையில் நின்ற நேரத்தைக் கொண்டு பொதியைக் கைவிடும் 'கோடெல்' என்னும் மருந்தைக் கத்லீன் நிக்கல்சும், முன்னர்ச் சொன்ன வான் ஜேக்கப்சனும் 2012 இல் வெளியிட்டனர். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனித்தனி வரிசை அமைத்து அதனோடு கோடெலையும் சேர்த்த முறை இன்று லினக்சிலேயே கிடைக்கின்றது.

ஆகவே, வெளிவாயில் 4 மெகாபிற்றாயின் வெளியோட்டத்தின் மொத்த எல்லையை அதனிற் சற்றே குறைத்து, 3.6 அல்லது 3.8 மெகாபிற்று என இடுதல் நன்று. அப்போது வரிசை சேவையகத்திலே நிற்கும். நம் கட்டளைக்கு அடங்கும். பத்திலொரு பங்கை விட்டுக்கொடுத்து ஒழுங்கைப் பெறுகின்றோம். ஆயின், நேரலை வகுப்பு வேறொரு கணினியிலிருந்து நடைபெறுமாயின் அதன் பொதிகள் சேவையகத்தைத் தொடாமல் நேரே றவுட்டரை அடையும். அந்நிலையில் சேவையகத்தின் எல்லையை மேலும் குறைத்து வகுப்புக்கு இடம் விட வேண்டும். அன்றேல் எல்லையை றவுட்டரிலேயே இட வேண்டும்.

சோதனை எளிது. ஒருவரும் பயன்படுத்தாத வேளையில் 'பிங்' அனுப்பி மறுமொழி நேரத்தைக் குறிக்க. பின்னர்ப் பெருங்கோப்பு ஒன்றை வெளியே அனுப்பிக்கொண்டே மீண்டும் குறிக்க. இரண்டாவது எண் பன்மடங்கு பெருகின், வரிசை நம் கைக்கு எட்டாத இடத்தில் நிற்கின்றது என்பது பொருள்.

இன்னுமொரு வாயில் நம் எல்லைக்கு வெளியே உண்டு. மாதப்பங்கு முடிந்தபின் இணைப்பு வழங்குவோர் வேகத்தைத் தாமே குறைத்துவிடும் திட்டங்கள் பல. மாதத் தொடக்கத்தில் நன்றாயிருந்து, மாதக் கடைசியில் நாள் முழுதும் ஒரே அளவிற் தாழ்ந்து நிற்குமாயின், சேவையகத்தைத் தொடாமல் ஒப்பந்தத்தைப் படிக்க. மாலைவேளையில் மட்டும் தாழ்ந்து, நள்ளிரவில் உயர்ந்தால், அது அலைக்கோபுரத்தின் கீழ் ஊரவர் யாவரும் கூடிய நெரிசல். இவ்விரண்டையும் பிரித்தறிய நாள்தோறும் ஒரே நேரங்களில் எடுத்த அளவுகளே துணை.

பங்கீட்டின் நீதி

பழுது நீங்கியபின் எஞ்சும் வினா, யாருக்கு எவ்வளவு என்பது. இதற்குக் கணினி விடை சொல்லாது. 3.6 மெகாபிற்றில் நேரலை வகுப்புக்கு 2, வீட்டு மாணாக்கரின் பாட இறக்கத்துக்கு 1.2, ஏனையவற்றுக்கு 0.4 என உறுதிப்பங்கு வகுக்கலாம். இவற்றின் கூட்டுத்தொகை மொத்தத்தை மிஞ்சலாகாது, மிஞ்சினும் எச்.ரீ.பி. தடுக்காது, ஆயின் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் மாட்டாது. உச்சவரம்பை மூன்றுக்கும் 3.6 என்றே விடலாம். வகுப்பு இல்லாத இரவிலே வீட்டுப் பிள்ளை முழு அகலத்தையும் பெறுவான். வகுப்பு தொடங்கியதும் அதற்குரிய பங்கு தானே திரும்பிவரும். உச்சவரம்பையும் உறுதிப்பங்கையும் ஒன்றாகவே இட்டு, இரவில் வாயில் வெறிதே கிடக்க, பிள்ளையைக் காத்திருக்க வைப்பது பங்கீடன்று, முடக்கம். சிறுபோகத்துக்கு நீர் குறைவென்று காலபோகத்திலும் துருசை அடைத்து வைப்பார் உளரோ?

மெதுவாயிருக்கின்றது என்னும் சொல் எழுந்தவுடன் ஒரு மாணவன்மேல் ஐயங்கொள்வதும், அவன் முகவரியைத் தடுத்துவிடுவதும் எளிது. அளவு எடுக்காமல் செய்த தடை பெரும்பாலும் குற்றமற்றவன்மேல் விழும். அவன் செய்ததெல்லாம் பாடத்தை இறக்கியது மட்டுமாயிருக்கலாம். இறுக்கிய வாயில் வேறெங்கோ இருந்திருக்கலாம். பழுதறிதல் ஒரு தொழில்நுட்பம் மட்டுமன்று, நடுவுநிலைமையுமாகும்.

யூபிலி ஆண்டிலே பழைய மாணவர்கள் தாம் பயின்ற கல்லூரிக்குக் கணினிகளும் கருவிகளும் மனமுவந்து வழங்குவர். அக்கொடை போற்றத்தக்கது. அதனோடு மேலும் இரண்டு வழங்கும்படி வேண்டுகின்றேன். ஒன்று, சேவையகத்தின் பக்கத்தில் இருக்கத்தக்க ஒரு குறிப்பேடு. எந்த நாளில், யார், எந்த எல்லையை, எதனால் மாற்றினார், மாற்றுமுன் அளவு என்ன, மாற்றியபின் அளவு என்ன என்பன அதில் எழுதப்பட வேண்டும். ஒருமுறையில் ஒன்றையே மாற்றுக. இரண்டை மாற்றின் எதனாற் குணமாயிற்று என்பது தெரியாமற் போகும். மற்றையது, இத்துறையில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவரின் சில மணிநேரம். உயர்தர மாணாக்கர் நால்வர்க்கு அளக்கவும் எல்லை இடவும் பழுதறியவும் அவர் கற்பித்தால், அவர்கள் தம்மின் இளையோர்க்குக் கற்பிப்பர். கருவி ஐந்தாறு ஆண்டில் மூப்படையும். கற்ற முறை மூப்படையாது. இணைப்பின் அகலத்தைக் கூட்டுவது பணத்தின் செயல்; இருக்கும் அகலம் கடைசிப் பிள்ளைவரை சென்றடையச் செய்வது அறிவின் செயல். அவ்வறிவு நம் மாணாக்கர் கையிலே இருப்பதாக.